கேலிமுறைக்காரர் எடுத்த ஸ்கேன்

ஒனோரின் சம்பூ இடது முழங்காலை மடித்து வள்ளத்தின் வால்பக்கம் மண்டியிட்டாள் என்றால், கசமான்ஸ் ஆறு தன் ஓட்டத்தை நிறுத்தி, "அம்மா, எந்தப் பக்கம் போகட்டும்?" என்று கேட்கும். சரி, இது கொஞ்சம் ஊதிச் சொன்னதுதான். ஆறு யாரையும் கேட்காது, அதற்கு அவ்வளவு மரியாதை தெரியாது. ஆனால் வள்ளம் கேட்கும். ஒன்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

சிகன்ஷோர் ஊர்ப் படித்துறைக்குக் கிழக்கே இருக்கும் சிப்பிக் கொட்டகையில் அவளைத் தெரியாதவர்கள் கிடையாது. ஐம்பத்திரண்டு வயது. தோள் இரண்டும் கதவு அகலம். சின்ன வயதில் மல்யுத்தத்தில் மூன்று ஊர்ப் பெண்களை மண்ணைக் கவ்வ வைத்தவள். நீர் வற்றும் நேரத்தில் பத்துப் பெண்கள் ஒரே வள்ளத்தில் கண்டல் காட்டுக்குள் போய், வேரில் அப்பியிருக்கும் சிப்பிகளை வெட்டிக்கொண்டு வருவார்கள். ஒன்பது பேர் உட்கார்ந்து துடுப்புப் போடுவார்கள். பத்தாவது ஆள் வால்பக்கம் இடது முழங்காலை ஊன்றி, வலது பாதத்தை முன்னால் உதைத்து, நீளத் துடுப்பால் திசை பிடிப்பாள். அந்த இடம் ஒனோரினுடையது.

மழை தொடங்கி சிப்பி வெட்டு நிற்பதற்கு முன்னால் அக்கரைக் கொட்டகைப் பெண்களோடு ஒரு வள்ளப் போட்டி நடக்கும். பரிசு ஒரு கிடா. கிடா ஒரு சாக்குத்தான். எந்தக் கரைப் பெண்களுக்கு எந்தக் கரைப் பெண்கள் வழிவிட வேண்டும் என்பது அன்றைக்கு முடிவாகி அடுத்த வருஷம் வரை செல்லும். சந்தையில் அக்கரைக்காரி ஒருத்தி எதிரே வந்தால் ஒனோரின் நகர மாட்டாள். கூடையோடு வந்தவள்தான் சாக்கடையைத் தாண்டிப் போவாள்.

அந்த வருஷம் போட்டிக்கு எட்டு வாரம் இருக்கும்போது ஒனோரின் மண்டியிடுவதற்கு முன் ஒரு நொடி யோசித்தாள். அதைப் பார்த்தவள் யூலாலி. யூலாலி ஒனோரினுடைய நாத்தனார். ஆறு வருஷமாக வள்ளத்தின் இரண்டாம் பலகையில் உட்கார்ந்து, வால்பக்கத்து இடத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தே கழுத்துச் சுளுக்கிக்கொண்டவள்.

"அண்ணி, முட்டி வலிக்குதா?"

"இல்லடி. சாமி கும்பிட்டேன்."

"வள்ளத்துல ஏறும்போதெல்லாமா?"

"எனக்கப்புறம் இந்த இடத்துல உக்காரப்போறவ யாருன்னு நினைச்சேன், தன்னால சாமி ஞாபகம் வந்துடுச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அடுத்த வாரம் முட்டி பப்பாளிக்காய் மாதிரி வீங்கியது. மண்டி போட்டால் உயிர் போனது. பச்சிலை கட்டினாள், சூடான உப்பு ஒற்றினாள், வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்ளாத குறையாகத் தன் ஊர் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். கடைசியில் கொட்டகைப் பெண்கள் கூடிப் பேசி ஒரு முடிவு சொன்னார்கள். டவுனில் புதிதாக வந்திருக்கும் பெரிய ஸ்கேனில் முட்டியைப் படம் எடுத்துக்கொண்டு வரட்டும். படம் நல்லது என்றால் ஒனோரின். கெட்டது என்றால் யூலாலி.

"மெஷின் பொய் சொல்லாது அண்ணி," என்றாள் யூலாலி.

"உன்னைப் பத்தி அது என்ன சொல்லும்னு ஒருநாள் கேட்டுப் பாப்போம்," என்று சொல்லிவிட்டு ஒனோரின் நல்ல சேலைத்துணியாக எடுத்துச் சுற்றிக்கொண்டு கிளம்பினாள்.

ஸ்கேன் கூடத்தில் பெயரைக் கூப்பிட்டதுமே உள்ளறைக் கதவு திறந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"சம்பூவா? எங்க வீட்டுல பாத்திரம் கழுவாம ஓடிப்போன அந்தச் சம்பூவா?"

ஒனோரின் அவர் வெள்ளைக் கோட்டில் குத்தியிருந்த பெயரைப் படித்தாள். டாக்டர் லாத்தீர் சேன். முட்டி வலி அந்த நிமிஷமே மறந்துபோனது.

"அட, சேன்! கம்பங்கஞ்சி குடிச்சு வளந்ததெல்லாம் கோட்டு மாட்ட ஆரம்பிச்சிடுச்சா? மாடு மேய்க்க யாரு போயிருக்கா?"

"மாடு எங்கேயும் போகல. இப்பத்தான் உள்ள நுழையுது. அந்தக் கட்டில் உன்னைத் தாங்குமான்னுதான் பாக்குறேன், சோத்துமூட்டை!"

வரிசையில் இருந்த யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சேன் என்றால் கம்பு தின்று மாடு மேய்க்கும் செரேர், சம்பூ என்றால் சோறு தின்னும் ஜோலா. இரண்டு இனத்துக்கும் கேலிமுறை. ஆதியில் இரண்டு சகோதரிகள் ஒரே வள்ளத்தில் போனார்கள், நடுநீரில் வள்ளம் இரண்டாகப் பிளந்தது, ஒருத்தி வடக்கே ஒதுங்கினாள், ஒருத்தி தெற்கே ஒதுங்கினாள். வள்ளத்தைப் பிளந்தது யார் என்று அன்றைக்குத் தொடங்கிய வாய்ச்சண்டை இன்னும் முடியவில்லை. பார்த்த இடத்தில் நீ என் அடிமை, நீ என் அடிமை என்று திட்டிக்கொள்ள வேண்டும். சாவு வீட்டிலேயே செரேர் ஒருவன் வந்து பிணத்தைப் பார்த்து, "சோறு வெந்துடுச்சு, எந்திரி" என்பான். அழுதுகொண்டிருக்கும் விதவை மூக்கைச் சிந்திவிட்டுச் சிரிப்பாள். இதற்குச் சட்டம் இரண்டுதான். முறைக்காரன் சொன்னதற்குக் கோபப்படக் கூடாது. முறைக்காரன் சொன்னதை நம்பவும் கூடாது.

திட்டி முடிக்கவே நேரம் சரியாகப் போனது. எப்போதிலிருந்து வலி, எங்கே வலி, என்ன செய்தால் வலி என்று டாக்டர் கேட்கத்தான் வாயெடுத்தார். அதற்குள் ஒனோரின் அவருடைய பாட்டனாரைப் பற்றி ஒன்று சொன்னாள், அவர் அவளுடைய பாட்டியைப் பற்றி ஒன்று சொன்னார், வெளியே பதினோரு பேர் காத்திருந்தார்கள். அவளைக் குழாய்க்குள் தள்ளிவிட்டார்கள். தகரக் கூரையில் நான்கு பேர் ஆணி அடிப்பதுபோல் அரை மணி நேரம் சத்தம். நடுவில் ஒலிபெருக்கியில் டாக்டரின் குரல்: "அசையாதே அடிமை! அசைஞ்சா படம் கலங்கிடும்!" ஒரு செரேர் திட்டியும் ஒனோரின் பதில் சொல்லாமல் படுத்திருந்தது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.

பிறகு டாக்டர் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டினார். முகம் மாறியது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டார்.

"அக்கா, உக்காருங்க. முட்டிக்குள்ள இருக்கிற ஜவ்வு கிழிஞ்சிருக்கு. டக்கார் பெரியாஸ்பத்திரிக்குப் போய் ஆபரேஷன் செஞ்சுக்கறதுதான் நல்லது. அதுவரைக்கும் மண்டி போடாதீங்க, வெயிட்டு தூக்காதீங்க."

ஒனோரின் இரண்டு கையையும் தட்டினாள்.

"யப்பா! முகத்தை எப்படிய்யா இப்படி வெச்சுக்கிறே? கண்ணாடியக் கழட்டித் தொடச்சே பாரு, அங்கதான் நிக்கிறே நீ!"

"இல்லக்கா, நெசமாத்தான் சொல்றேன்."

"அக்காவாம்! அடிமை எப்ப அக்கா ஆனா?"

அவள் சிரித்த சிரிப்பில் பலகையில் மாட்டியிருந்த படம் ஆடியது. டாக்டர் இன்னும் ஏதோ சொன்னார். அவள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, ரிப்போர்ட்டை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "உங்கம்மா நல்லா வளர்த்திருக்கா" என்று வாழ்த்திவிட்டுப் போனாள்.

கொட்டகையில் யூலாலிதான் ரிப்போர்ட்டை உரக்கப் படித்தாள். சிப்பி வேகும் புகையில் எல்லாரும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

"இடது முழங்கால், உள்பக்க ஜவ்வின் பின்கொம்பில் கிழிசல்..."

"என்னது?"

"பின்கொம்பு."

"முட்டியில கொம்பா?" என்றாள் ஒருத்தி.

"அதுவும் பின்கொம்பாம்! அப்ப முன்கொம்பும் ஒண்ணு இருக்குமே!" என்றாள் இன்னொருத்தி.

"எழுதினது யாரு?"

"டாக்டர் லாத்தீர் சேன்."

அவ்வளவுதான். ஜவ்வின் நுனிக்கு டாக்டர்கள் வைத்த பெயர் கொம்பு என்று அங்கே யாருக்கும் தெரியாது; கொட்டகையே உருண்டது. செரேர் ஒருவனுக்கு எங்கே பார்த்தாலும் மாடுதானே தெரியும், ஜோலாக்காரி முட்டியில் கொம்பு தெரியாமல் என்ன செய்யும்? கேலியைத் தட்டச்சு செய்து, முத்திரையும் குத்தி, உறையில் போட்டுக் கொடுத்த செரேரை இதற்கு முன்னால் யாரும் கண்டதில்லை. "மரியாதை தெரிஞ்ச மனுஷன்" என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். சிரிக்காதவள் யூலாலி ஒருத்திதான்.

"அண்ணி, சிரிக்கிற விஷயமா இது? கிழிசல்னு போட்டிருக்கு. டாக்டர் சும்மா எழுதுவாரா?"

"அவரு டாக்டரா இருக்கறதுக்கு முன்னாலேயே செரேருடி."

"எனக்கென்னவோ நெசம்னுதான் படுது."

"உனக்கு அப்படித்தான் படும். என் இடத்துல உன் பாயை எப்ப விரிக்கலாம்னு அளந்து வெச்சிருக்கியே."

"அப்ப உங்களுக்கு ஏன் கேலின்னு படுது?"

 ஒனோரின் சிப்பி ஒன்றை எடுத்துத் தேவைக்கு மேலே பலமாக உடைத்தாள்.

அன்று மாலை எல்லாரும் போன பிறகு அவள் கரையில் கட்டியிருந்த வள்ளத்தில் தனியாக ஏறினாள். வால்பக்கம் போய் இடது முழங்காலை மெதுவாக இறக்கினாள். பலகை தொட்டதும் கண்ணில் பூச்சி பறந்தது. சுற்றிலும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு மாதாவையும் மாதாவின் உறவினர்களையும் கூப்பிட்டாள். டாக்டர் கண்ணாடியைத் துடைத்த விதம் நினைவுக்கு வந்தது. கேலி செய்கிறவன் கண்ணாடியை அவ்வளவு நேரம் துடைப்பானா? இது நிஜமாக இருந்தால் இனிமேல் இரண்டாம் பலகையில் உட்கார்ந்து யூலாலியின் முதுகைப் பார்க்க வேண்டும். இல்லை, அதைக்கூடப் பார்க்க முடியாது. யூலாலி பின்னால் இருப்பாள், இவள் முதுகை அவள் பார்ப்பாள். அது இன்னும் மோசம்.

மறுநாளைக்கு மறுநாள் டாக்டர் சேனே கொட்டகைக்கு வந்து நின்றார். நோயாளி சிரித்துக்கொண்டே போனது இரண்டு நாளாக அவரைத் தூங்க விடவில்லை.

"அக்கா, அன்னிக்கு நான் சொன்னது கேலி இல்ல. சத்தியமா."

கொட்டகை ஓவென்று சிரித்தது.

"எங்கம்மா மேல சத்தியம்."

"எந்த அம்மா? வள்ளத்தை ரெண்டாப் பொளந்தாளே, அவளா?"

"ஐயோ, நான் வாங்கின பட்டத்து மேல சத்தியம்!"

ஒருத்தி சிரிப்பு தாங்காமல் சிப்பிக் குவியலில் சாய்ந்துவிட்டாள். சத்தியம் செய்யச் செய்ய அவருடைய பெயர் கொட்டகையில் ஏறிக்கொண்டே போனது. இப்படி ஒரு நடிப்பை அவர்கள் எந்தக் கல்யாணத்திலும் பார்த்ததில்லை. தட்டு நிறையச் சுட்ட சிப்பி கொடுத்து எலுமிச்சம்பழம் பிழிந்தார்கள். தின்று முடித்துவிட்டு டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"தப்பு என்னோடதுதான். மொதல்ல முட்டியப் பாத்துட்டு அப்புறம் திட்டியிருக்கணும். நான் படத்தைத்தான் பாத்தேன், முட்டியத் தொட்டுக்கூடப் பாக்கல." கொஞ்சம் யோசித்தார். "கிளெமான்ஸ் சிஸ்டர்கிட்டப் போங்க. அவங்க பெனின் நாட்டுக்காரங்க. இந்த ஊர்ல யாருக்கும் அவங்க முறை இல்ல. முறை இருந்தாலும் அவங்களுக்குச் சிரிக்கத் தெரியாது."

"அது நெசம்," என்றாள் யூலாலி. அன்று டாக்டர் சொன்னதில் எல்லாரும் நம்பியது அந்த ஒன்றைத்தான்.

கிளெமான்ஸ் சிஸ்டர் மாதாகோவிலுக்குப் பின்னால் இருக்கும் தருமாஸ்பத்திரியை நடத்துகிற கன்னியாஸ்திரீ. குச்சி மாதிரி உருவம். அவரிடம் இருந்த ஒரே மெஷின் கர்ப்பிணிகளின் வயிற்றில் வைத்துக் குழந்தையைப் பார்க்கிற பழைய ஸ்கேன். ஆகவே காத்திருக்கும் பெஞ்சு முழுக்க வயிறு. நடுவில் ஐம்பத்திரண்டு வயது ஒனோரின் உட்கார்ந்ததும் பெஞ்சு மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

"எத்தனை மாசம்க்கா?" என்றாள் பக்கத்தில் இருந்த பெண்.

"அஞ்சு வாரம்," என்றாள் ஒனோரின், முட்டியை நினைத்துக்கொண்டு.

செய்தி அவளுக்கு முன்னால் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது.

துணைக்கு வந்த யூலாலியை மூலையில் நிற்க வைத்துவிட்டு, சிஸ்டர் ரிப்போர்ட்டைப் படித்தார், மடித்தார், மேஜையில் வைத்தார். பிறகு முட்டியைப் பார்த்தார்.

"படி ஏறினா வலிக்குதா?"

"இல்ல சிஸ்டர்."

"உக்காந்து எந்திரிச்சா?"

"இல்ல."

"நடக்கும்போது கால் மாட்டிக்குதா? நழுவுதா?"

"இல்ல."

"மண்டி போட்டா?"

"செத்தேன்."

சிஸ்டர் காலை மடக்கினார், நீட்டினார், முறுக்கினார். ஒனோரின் முகம் சுளிக்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முட்டிச்சில்லின் மேல், வெளிப்பக்கமாக, ஒற்றை விரலால் ஓரிடத்தில் அழுத்தினார். வெளியே பெஞ்சில் இருந்த பெண்கள், பிரசவம் ஆகிவிட்டது என்று நினைத்தார்கள்.

"ஜவ்வு உள்ள இருக்கு. வலி இங்க மேல இருக்கு," என்றார் சிஸ்டர். "இந்த இடத்துல எப்பவாவது அடி பட்டுச்சா?"

ஒனோரின் யோசித்தாள். மூன்று மாசத்துக்கு முன்னால் கண்டல் வேரில் வழுக்கி விழுந்தது, முட்டியில் மரச் சிலாம்பு ஏறியது, அங்கேயே பல்லால் கடித்து இழுத்துத் துப்பியது எல்லாம் வரிசையாக வந்தது.

"அது அன்னிக்கே வந்துடுச்சே சிஸ்டர்."

"முழுசா வந்துச்சா?"

"துப்பினதை யாரு அளந்தா?"

சிஸ்டர் முட்டியில் குளிர்ந்த பசையைத் தடவி, குழந்தை பார்க்கிற கருவியை அதன் மேல் வைத்து நகர்த்தினார். திரையில் மழை பெய்வதுபோல் சாம்பல் நிறம். யூலாலி மூலையிலிருந்து நகர்ந்து நகர்ந்து சிஸ்டரின் தோளுக்குப் பின்னால் வந்துவிட்டாள். சாம்பலுக்கு நடுவில் ஒரு சின்ன வெள்ளைக் கோடு.

"இதோ, மரத்துண்டு. சுத்திலும் நீர் கோத்திருக்கு."

"பையனா பொண்ணா?" என்றாள் யூலாலி. சிஸ்டர் சிரிக்கவில்லை.

"அப்ப ஜவ்வு கிழிஞ்சது பொய்தானே சிஸ்டர்?" என்று ஒனோரின் எழுந்து உட்கார்ந்தாள்.

"பொய் இல்ல. அதுவும் இருக்கும். மல்யுத்தம் போட்டியா?"

"போட்டேன்."

"உன் வயசுக்காரங்க பத்துப் பேரை நிறுத்தி முட்டியப் படம் எடுத்தா மூணு பேருக்கு இந்தக் கிழிசல் இருக்கும். அதுல பாதிப் பேருக்கு மேல வலியே தெரியாது. படம் முட்டிக்குள்ள என்னென்ன இருக்குன்னு சொல்லும். எது வலிக்குதுன்னு நீதான் சொல்லணும். அதைச் சொல்லாம நீ அங்க போய் என்ன பேசிட்டு வந்தே?"

ஒனோரின் திரும்பக் கட்டிலில் படுத்துக்கொண்டாள்.

சிஸ்டர் மரத்துப்போகும் ஊசி போட்டு, சின்னதாகக் கீறி, இடுக்கியால் சிலாம்பை எடுத்துக் கிண்ணத்தில் போட்டார். காயம் ஆற இரண்டு வாரம், அதுவரை மண்டி போடக் கூடாது என்றார். போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது.

அந்த இரண்டு வாரமும் வால்பக்கத்து இடம் யூலாலிக்குப் போனது. ஆறு வருஷம் காத்திருந்த இடம். முதல் நாள் பாய் விரித்து, தலைத்துணியைப் புதிதாகக் கட்டிக்கொண்டு ஏறினாள். முழங்கால் இரண்டும் புத்தம் புதுசு, ஒரு கிழிசல் கிடையாது. வள்ளம் நேராகச் சேற்று மேட்டில் ஏறி நின்றது. இரண்டாம் நாள் கண்டலுக்குள் புகுந்து, முன்னால் இருந்த மூன்று பேரின் தலைத்துணியைக் கிளையில் விட்டுவிட்டு வெளியே வந்தது. நான்காம் நாள் படித்துறையில் கட்டியிருந்த போலீஸ் படகில் மோதினாள். கரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஒனோரின் எல்லாவற்றையும் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லாமல் இருப்பதற்கு அவள் பட்ட பாடு முட்டி வலியைவிடப் பெரிது.

பத்தாம் நாள் யூலாலியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, முட்டிக்கட்டு எப்பப் பிரிப்பாங்க?"

"ஏண்டி, இடம் புடிக்கலையா?"

"இடம் நல்லாத்தான் இருக்கு. ஆறுதான் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது." ஈரமாகியிருந்த தலைத்துணியைப் பிழிந்தாள். "ரிப்போர்ட்டு நெசமா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன் அண்ணி. மெழுகுவர்த்திகூட ஏத்தினேன்."

"தெரியும். என்னோடதுக்குப் பக்கத்துலதான் எரிஞ்சிட்டிருந்துச்சு. உன்னோடது பெருசு."

போட்டி நாளன்று இரண்டு கரையிலும் கூட்டம். டாக்டர் சேன் குடை பிடித்துக்கொண்டு வந்திருந்தார். கிளெமான்ஸ் சிஸ்டரும், காயம் பிரிந்தால் தைப்பதற்கு, பெட்டியோடு வந்து நின்றார். ஒனோரின் வால்பக்கம் போய், யோசிக்காமல், இடது முழங்காலை ஊன்றினாள். யூலாலி இரண்டாம் பலகையில் உட்கார்ந்தாள். அன்று அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்க நேரமும் இல்லை. திருப்பத்தில் அக்கரை வள்ளம் அகலமாகச் சுற்றிப் போனபோது ஒனோரின் துடுப்பைச் செங்குத்தாக இறக்கி, முழங்காலில் உடம்பு மொத்தத்தையும் போட்டு, வள்ளத்தை இருந்த இடத்திலேயே திருப்பினாள். ஒரு மூக்கு முந்திக்கொண்டு கரை தொட்டார்கள். கிடா பயந்து கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

அதைப் பிடித்துக் கொண்டுவருவதற்குள் ஒனோரினைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. அவள் சிப்பிச் சட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, டாக்டர் சேனைக் கைகாட்டிச் சொன்னாள்:

"இந்தக் கம்பங்கஞ்சியோட மெஷின் இருக்கே, வீடு மாதிரி பெருசு, ஆனா கண்ணு பொட்டை. முட்டிக்குள்ள கொம்பு இருக்காம், கொம்பு கிழிஞ்சிருக்காம்! சிஸ்டரு எடுத்தாங்க பாருங்க சிலாம்பு, இதோ, இந்த நீளம்!" முழங்கையிலிருந்து விரல் நுனி வரை காட்டினாள். "துடுப்புக்கே ஆகும். அது அந்த மெஷினுக்குத் தெரியல. இல்லாத கிழிசல் தெரிஞ்சிருக்கு!"

கூட்டம் சிரித்தது. டாக்டரும் சிரித்தார். "அடிமை சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று குடையைச் சாய்த்துக்கொண்டார்.

கிளெமான்ஸ் சிஸ்டர் மட்டும் பெட்டியைத் தரையில் வைத்தார்.

"பதினோரு மில்லிமீட்டர்," என்றார். "டாக்டர் நேத்து அந்தப் படத்தை மறுபடி எடுத்து என்கிட்டக் காட்டினார். சிலாம்பும் அதுல இருக்கு, மயிரிழை மாதிரி. ரத்தக்குழாய்னு நினைச்சு விட்டுட்டாராம். ஜவ்வு கிழிஞ்சதும் நெசம், இப்பவும் கிழிஞ்சுதான் இருக்கு. எந்திரி, கட்டு நனைஞ்சிருக்கு."